பழங்காசில் ஓட்டையும் முத்திரையும் எதற்கு?

சங்கரன்கோவில் பக்கத்துப் பழைய வீடுகளில் பாட்டியின் டிரங்குப் பெட்டியைக் கிளறினால் ஓட்டைக் காலணா ஒன்று கிடைக்கலாம். "ஓட்டை விழுந்த காசு செல்லாது" என்று அதைப் பழைய உலோகத்தோடு போட்டுவிடுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். ஓட்டைக்கும் ஒரு கதை இருக்கிறது!

ஓட்டை

1943 முதல் 1947 வரை வெளிவந்த ஒரு பைசா காசில் ஓட்டை போட்டது நாணயச் சாலையேதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பை மிச்சப்படுத்த இந்த ஏற்பாடு. இதில் ஓட்டை நடுவில் வட்டமாக இருக்கும். எழுத்துகள் அதைச் சுற்றி அமைந்திருக்கும். ஓட்டை விளிம்போரம், ராஜா தலைக்கு மேலே இருந்தால் அது பின்னால் யாரோ போட்டது. கயிற்றில் கோத்து அணியும்போது தலை நேராகத் தொங்க வேண்டுமல்லவா? இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளிலும் இப்படிப்பட்ட துளைகள் உண்டு.

முத்திரை

2000 ஆண்டுகளுக்கும் முந்தைய வெள்ளி முத்திரைக் காசுகளில் சூரியன் போன்ற ஐந்து சின்னங்கள் ஒருபுறம் இருக்கும். போடிநாயக்கனூரில் கிடைத்தவற்றின் பின்புறம் மீன் போன்ற சின்னம் இருப்பதால் அவை பாண்டியருடையவை என்று கருதுகிறார்கள். இவை அரசு அடித்தவை.

இவை தவிர, ஒழுங்கில்லாமல் பொடிப்பொடியாகச் சில குத்துகளும் இருக்கும். அவை வெள்ளியையும் எடையையும் சோதித்தவர்கள் வைத்த அடையாளங்கள். இன்றைய ஆடிட்டர் கையெழுத்து மாதிரி! காசு நோட்டம் பார்ப்பவருக்குத் தமிழில் வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் பெயரிலேயே அந்தத் தொழில் இருக்கிறது.

வெட்டு

1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், பேரரசரின் தலை மீது உளி வெட்டு. காசாக இனிச் செல்லாது, எடைக்குத் தங்கமாகவே மதிப்பு என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

ஆக, காசின் மதிப்பு அரசன் முகத்தில் மட்டும் இல்லை. வாங்குபவரின் நம்பிக்கையிலும் இருக்கிறது. அந்த நம்பிக்கையும் சந்தேகமும் பதிந்த தழும்புகள்தான் இவை. எனவே பழங்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், உருக்கவும் கொடுக்காதீர்கள். மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காசு எந்த இடத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதும் வரலாறுதான்.