கோபுர வாசலைத் திறந்த வக்கீல்: மதுரை அ. வைத்தியநாத ஐயர்

பழனி வட்டாரத்துப் பாலசமுத்திரத்தின் மலரில் ஒரு மதுரை வக்கீலின் வரலாறு இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை பழனி வட்டாரமும் மதுரை மாவட்டமே. மதுரையில் அன்று நடந்தது நம் வீட்டுக் கதை.

வைத்தியநாத ஐயர் 1890-இல் தஞ்சை மாவட்டம் விஷ்ணம்பேட்டையில் பிறந்தார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும், பின் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மதுரையிலேயே வக்கீல் தொழில் தொடங்கினார். கைநிறைய வழக்குகளும் வருமானமும் வந்தன. அவர் விரும்பியிருந்தால் அந்தச் செழிப்போடு வாழ்நாளைக் கழித்திருக்கலாம்.

இருபதுகளில் காங்கிரஸ் பணி அவரை ஈர்த்தது. 1930-இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது அங்கே போலீசாரின் அடியைப் பொறுத்து, சிறை சென்றார். துணைவியார் அகிலாண்டத்தம்மாளும் பின்னர் சிறை புகுந்தார். அந்த அம்மையாரின் தியாகத்தைத் தனியே எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

முப்பதுகளில் ஹரிஜன சேவா சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைமை அவரிடம் வந்தது. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதி, உணவு, படிப்பு என்று தம் வீட்டையும் பொருளையும் அதற்கே ஆக்கினார். மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டி இளைஞர் கக்கன் அப்படித்தான் அவருக்குப் பிள்ளைபோல் ஆனார்.

1934-இல் மதுரைக்கு வந்த காந்தியடிகள், எல்லோருக்கும் திறவாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்லவில்லை. அந்தக் குறை ஐயரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆயினும் அவர் அவசரப்படவில்லை. ஊர்தோறும் கூட்டம் போட்டு, பக்தர்களின் மனத்தைப் பக்குவப்படுத்தினார். வழக்கை நன்கு தயாரித்த பிறகே மன்றம் ஏறும் வக்கீலின் பழக்கம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1939 ஜூலை 8 காலையில் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரையும், விருதுநகர் சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு ஐயர் அம்மன் சந்நிதிக்குள் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் ஆதரவும் பக்கபலமாக இருந்தது. கோயிலுக்குத் தீட்டு நேர்ந்ததென்று பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தனர். ஐயரின் சொந்தச் சமூகத்திலேயே வசவும் விலக்கும் எழுந்தன. நுழைந்தவர்கள்மீதும் அழைத்துச் சென்றவர்கள்மீதும் வழக்கு வராதபடி காக்க, ராஜாஜியின் அரசு முதலில் அவசரச் சட்டமும், அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அனுமதி, பாதுகாப்புச் சட்டமும் கொண்டுவந்தது. மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது.

நாற்பதுகள் மீண்டும் சிறைக்காலம். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதான ஐயர், சிறையிலிருந்து வெளிவந்த பின் 1946-இல் மேலூரிலிருந்து சட்டமன்ற உறுப்பினரானார்.

அதே 1946 பிப்ரவரியில் காந்தியடிகள் மீண்டும் மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார். 12 ஆண்டு விரதம் அன்று நிறைவேறியது. அங்கிருந்து பழனிக்கு வந்து, மலையேறித் தண்டாயுதபாணியையும் தரிசித்தார். முதுமையாலும் களைப்பாலும் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றனர். எல்லோருக்கும் திறவாத கோயிலுக்குள் கால் வைக்காதவர் நம் மலையில் ஏறினார் என்பதே பழனி வட்டாரத்துக்குப் பெருமை.

சேவையிலேயே உடல் தேய்ந்த ஐயர் 1955 பிப்ரவரி 23-இல் காலமானார். அவருடைய மக்களோடு தாமும் ஒரு மகனாக நின்று இறுதிச் சடங்கு செய்ய கக்கன் முன்வந்தபோது, உறவினர் சிலர் தடுத்தனர். ஐயரின் பிள்ளைகள் அதற்கு இணங்கவில்லை. கக்கன் தலையை மழித்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து கொள்ளி வைத்தார்.