பிளைமவுத் வீட்டு அண்ணனும் தம்பியும்



வகுப்பில் மன்னர்களின் வரலாறு நிறையப் படித்தோம். இன்று இரண்டு கார்களின் வரலாறு சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்துக்கு பிளைமவுத் என்றொரு பிரிவு இருந்தது. நடுத்தரக் குடும்பங்களுக்கான கார்களுக்குப் பெயர்பெற்றது. அது 1967இல் ஜி.டி.எக்ஸ். என்ற வேகக் காரைக் கொண்டுவந்தது. 7.2 லிட்டர் இன்ஜின், 375 குதிரைத்திறன், உயர்ந்த இருக்கைகள், பளபளக்கும் அலங்காரம். விலை 3,000 டாலருக்கு மேல். ஆனால் வேகத்துக்கு ஆசைப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களிடம் அவ்வளவு பணம் ஏது?

அவர்களுக்காக அடுத்த ஆண்டே தம்பி பிறந்தான். பெயர் ரோட் ரன்னர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஆனால் தம்பியில் அலங்காரம் கிடையாது. தரையில் கம்பளத்துக்குப் பதில் ரப்பர் விரிப்பு. இன்ஜின் மட்டும் 6.3 லிட்டர், 335 குதிரைத்திறன். ஆரம்ப விலை 2,900 டாலருக்குள். கார்ட்டூன் படத்தில் ஓடும் பறவையின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹார்ன்கூட அந்தப் பறவையைப் போல 'பீப் பீப்' என்றது!

1968இல் ரோட் ரன்னர் சுமார் 45,000 விற்றது. ஜி.டி.எக்ஸ். 20,000ஐக்கூட எட்டவில்லை. மறு ஆண்டு தம்பியின் விற்பனை 80,000ஐத் தாண்டியது. 1971உடன் ஜி.டி.எக்ஸ். தனி மாடலாக வருவது நின்றது. அதன்பின் பெரிய இன்ஜின் பொருத்திய ரோட் ரன்னரில் ஒட்டும் பெயராக மட்டும் அது மிஞ்சியது. அண்ணன் பெயர் தம்பியின் சட்டைப் பையில் போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் தம்பி ஜெயித்தானா? இங்கேதான் கவனிக்க வேண்டும். இவ்வளவு வேகமான காருக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் தனிக்காசு. அண்ணனுக்கும் அதே கதிதான். வேகக் கார் ஓட்டும் இளைஞர்களால் விபத்து இழப்பீடு கூடுகிறது என்று இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றின. குறைந்த விலைக்குக் கார் வாங்கிய பையனுக்கு இன்சூரன்ஸ் கட்ட முடியவில்லை. 1970இன் காற்று மாசுச் சட்டம் இன்ஜின்களின் பலத்தைக் குறைக்க வைத்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. அந்த வேகக் கார்களின் காலம் அத்தோடு முடிந்தது. 2001இல் பிளைமவுத் என்ற பெயரே மறைந்தது.

விலை உயர்ந்த அண்ணனை விலை குறைந்த தம்பி வென்றான். விலைச்சீட்டில் எழுதாத செலவு இருவரையும் வென்றது.

புதிதாக வண்டி வாங்கப்போகும் பிள்ளைகள் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறார்கள். எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதற்கு முன், எப்படி நிற்கும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்