ஆன்ம நெறியில் பெண்ணுரிமை: மார்கரெட் கசின்ஸ் அம்மையார்

திருக்கோவிலூரில் வெளிவரும் மலரில் ஔவையைப் பற்றியும் பாரி மகளிரைப் பற்றியும் விரித்துரைப்பது மிகை. கபிலர் குன்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வீரட்டானத்துப் பெரியானைக் கணபதி சந்நிதியில் விநாயகர் அகவல் பிறந்த கதையை நம் வீட்டுக் குழந்தைகளே சொல்வார்கள். ஆயினும் அந்த அகவலில் நாம் போதிய அளவு எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. மூலாதாரம், நாடிகள், குண்டலினி என்று யோக நெறியின் நுட்பங்களைத் தம் அனுபவமாகப் பாடியவர் ஒரு பெண். அந்நெறியில் நடக்க அவர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பெண் என்பதற்காகக் கணபதியும் அதை மறைக்கவில்லை.

அக விடுதலைக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது என்றால் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் மட்டும் அது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுதும் கேட்டவர்தான், மலர்க் குழுவினரின் அன்புக் கட்டளையால் இங்கே நினைவுகூரப்படும் மார்கரெட் கசின்ஸ் அம்மையார்.

வள்ளற்பெருமான் மேட்டுக்குப்பத்தில் திருக்காப்பிட்டுக்கொண்டது 1874இல். நான்கு ஆண்டுகள் கழித்து, 1878இல், அயர்லாந்தின் பாயில் என்ற சிற்றூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார் மார்கரெட். இசை பயின்று பட்டம் பெற்றார். 1903இல் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை மணந்தார். கணவரோடு புலால் மறுத்தார். தியானம், சோதிடம், ஆவியுலக ஆய்வு என்று மனம் உள்நோக்கித் திரும்பியது. அதே ஆண்டுகளில்தான் பெண்களின் வாக்குரிமைக்கும் குரல் எழுப்பினார். 1908இல் அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தோழியர் சிலரோடு தொடங்கினார். அரசு மாளிகைகளின் சன்னல்களில் கல்லெறிந்து 1910இல் லண்டனிலும் 1913இல் அயர்லாந்திலும் சிறை சென்றார். சிறைக்குள் உண்ணாநோன்பும் இருந்தார். கண்மூடித் தியானிக்கும் பெண், ஆட்சியாளர் மாளிகையின் சன்னலில் கல்லெறிவது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். எல்லா உயிரும் ஒன்று என்று உணர்ந்தவருக்கே ஓருயிரைத் தாழ்த்தி வைப்பது பொறுக்க முடியாததாகிறது. வள்ளலாரும் அப்படித்தான்: சீவகாருண்யம் பேசிய அதே திருவாய், கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்றும் கட்டளையிட்டது.

பிருகதாரண்யக உபநிடதம் இங்கே நினைவுக்கு வருகிறது. யாக்ஞவல்கியர் இல்லம் துறக்கும்போது செல்வத்தைப் பங்கிட முன்வருகிறார். மரணமற்ற நிலையைத் தராத செல்வம் தனக்கு எதற்கு என்கிறாள் மைத்ரேயி. அதே நூலில் ஜனகன் அவையில் எழுந்து நின்று அதே முனிவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறாள் கார்கி. ஒருத்தி வீட்டுக்குள் கேட்டாள், ஒருத்தி சபையில் கேட்டாள். நம் காரைக்கால் அம்மையாரோ யாரிடமும் கேட்காமலே கயிலைக்குத் தலையால் நடந்தார். இத்தகைய பெண்களை அடியாராகவும் ஞானியராகவும் வணங்கும் நாடு நம்முடையது.

ஆனால் முழுமையும் சொல்ல வேண்டும். நம் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்லும் அதே கல்வெட்டு, மலையமான் குலத்தில் பிறந்த வானவன் மாதேவி, பால் மறவாக் குழந்தையை விட்டுக் கணவனோடு தீப்புகுந்ததையும் புகழ்கிறது. அந்தத் தாய்தான் இராசராசனைப் பெற்றவள். அவளைக் கைகூப்பி வணங்குவோம். அவளை எரித்த வழக்கத்தை வணங்க வேண்டியதில்லை. ஔவையின் ஞானமும் வானவன் மாதேவியின் தீயும் ஒரே ஊரின் நினைவில் இருக்கின்றன. இவற்றில் எதைப் பின்பற்றுவது என்பதில்தான் நம் அறிவு தெரியும்.

அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பால் 1915இல் கசின்ஸ் தம்பதியர் இந்தியா வந்தனர். இனம், மதம், பால், சாதி, நிறம் என்ற வேறுபாடற்ற மானுட சகோதரத்துவத்தை முதல் நோக்கமாகக் கொண்டது, பெசன்ட் தலைமை தாங்கிய பிரம்மஞான சபை. 'பால்' என்ற அந்த ஒரு சொல்லைச் செயலாக்கவே வந்தவர்போல உழைத்தார் மார்கரெட். 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் எழுந்தது. டோரதி ஜினராஜதாசாவும் இவரும் அதன் தூண்கள், பெசன்ட் தலைவர். அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று சென்னையில் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அதற்கு ஏற்பாடு செய்தவர் இவரே. 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை, வாக்களிக்கப் பெண்ணுக்கு இருந்த தடையை நீக்கியது. பிரிட்டனில் ஆணுக்கு இணையான வாக்குரிமை பெண்ணுக்குக் கிடைத்தது 1928இல்தான் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

மாதர் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மா' இதழில் ஆங்கிலத்தோடு தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. 1922இல் ஆசியப் பெண்களின் விழிப்பைப் பற்றி இவர் எழுதிய ஆங்கில நூல் வெளியாயிற்று; அதே ஆண்டு இந்தியாவின் முதல் பெண் கௌரவ மாஜிஸ்ட்ரேட்டாகவும் நியமிக்கப்பட்டார். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபை ஏற ஊக்கம் தந்தவர்களில் இவரும் ஒருவர். 1927 சனவரியில் புனேயில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியதும் இவர் முயற்சியால். மதனப்பள்ளிக்குத் தாகூர் 1919இல் வந்தபோது 'ஜன கண மன' பாடலுக்கு இசைக்குறிப்பு எழுதியவர் இவரே என்பது பலரும் அறிந்ததே.

1932 இறுதியில், அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசியதற்காகக் கைதாகி, வேலூர்ப் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார். லண்டன், அயர்லாந்து, வேலூர் என மூன்று நாட்டுச் சிறைகளும் கண்டவர் அவர். இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தபோதும் கணவரோடு சேர்ந்து எழுதிய தன்வரலாறு 1950இல் வெளிவந்தது. 1954 மார்ச் 11 அன்று அடையாற்றில் மறைந்தார்.

அவர் கேட்ட உரிமை இன்று நம் ஊர்வரை வந்திருக்கிறது: தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடம் சட்டமாகிவிட்டது. ஆகவே இம்மலரைப் படிக்கும் ஊராட்சித் தலைவியருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கிராம சபையில் தலைவர் நாற்காலியில் நீங்களே அமருங்கள், தீர்மானத்தை நீங்களே படித்துக் கையெழுத்திடுங்கள். கல்வராயன் மலைச் சிற்றூர்களில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வையுங்கள். பள்ளி திறக்கும் சூன் மாதத்துக்குள் அவர்களை மேல்நிலை வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.