மலை ஏரியும் மன்னார்ப் பாதையும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கிராமங்களுள் ஒன்று பெரியமடு. மடு என்றால் ஆழமான நீர்நிலை. மழை குறைந்த பூமியில் மக்கள் தண்ணீரின் பெயரையே ஊருக்குச் சூட்டினர். இந்த வறண்ட மாவட்டத்தின் காட்டு வழியே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆயிரமாயிரம் தமிழர் மலைநாடு நோக்கி நடந்தனர். ஆகவே, மலைநாட்டு ஏரி ஒன்றின் சரித்திரத்தை நாம் மன்னார்க் கரையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேலே உள்ளது நுவரெலியா. அங்கே சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் 1873-ல் ஓர் ஏரி உருவாக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் வில்லியம் கிரகரியின் பெயரே அதற்கு நிலைத்தது. குளிர்நாட்டை நினைந்து ஏங்கிய துரைமார் அங்கே இளைப்பாறினர்.

ஏரியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளின் பசுமை யாருடையது? 1830-களில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்தின் வறுமை விரட்டிய மக்கள் படகேறி வந்து மன்னார்க் கரையில் இறங்கினர். கங்காணிகளின் பின்னே மாத்தளை வரை நடந்தனர். பசியும் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே விழுங்கின. 1869-ல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. பின்னர் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத்து ஆட்கள் போதும். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலைகொண்டது இவ்வாறுதான்.

சுதந்திர இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவர்களது சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. பாட்டன்மார் வந்திறங்கிய அதே கரையில், தலைமன்னாரில், பேரப்பிள்ளைகள் கப்பலேறினர். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

2023-ல், வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தார்கள். இம்முறை கங்காணி இல்லை. தங்கள் உரிமைக் கோரிக்கைகளைத் தாங்களே சுமந்து நடந்தார்கள்.

ஏரியை வெட்டுவித்த ஆளுநர் யார் என்று வகுப்பறையில் கேட்கிறோம். மாணவரும் சரியாகவே விடை சொல்கிறார்கள். ஆசிரிய நண்பர்களே, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் யார், ஏன் நடந்தார்கள் என்ற கேள்வியையும் அதனோடு சேர்த்துக் கேட்போம்.