இரைப்பை மாற்றுவழி அறுவைச் சிகிச்சையின் வரலாறு

இரைப்பை மாற்றுவழி அறுவைச் சிகிச்சை, பேச்சுவழக்கில் இரைப்பை பைபாஸ், கடும் உடற்பருமனைக் குறைப்பதற்காகச் செய்யப்படுவது. இதில் இரைப்பையின் மேற்பகுதி சிறு பையாகப் பிரிக்கப்பட்டு நேரே சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. முந்தைய முறைகள் விளைவித்த கேடுகளே இதன் இன்றைய வடிவத்திற்குக் காரணம்.

1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கிரெமன், லின்னர் ஆகியோர் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் முறையை வெளியிட்டனர். எடை வெகுவாகக் குறைந்தது. ஆனால் தீராத வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கல்லும் வந்தன. சிலருக்குக் கல்லீரலே செயலிழந்தது. பலருக்குக் குடலைப் பழையபடி இணைக்க நேர்ந்தது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் வேறொன்றைக் கவனித்திருந்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்களுக்கு எடை கூடுவதில்லை. அதை அடிப்படையாகக் கொண்டு, சிகாஷி இட்டோவுடன் சேர்ந்து 1966-இல் முதல் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைச் செய்தார். அதில் பித்தநீர் மேலேறித் தொல்லை தந்தது. 1977-இல் வார்டு கிரிஃபென், சுவிட்சர்லாந்தின் சேசர் ரூ வகுத்திருந்த 'ஒய்' வடிவக் குடலிணைப்பைச் சேர்த்து அக்குறையைப் போக்கினார். 1994-இல் இது லேப்ராஸ்கோப்பி வழியாகவும் செய்யப்பட்டது.

1995-இல் வால்டர் போரிஸ் வெளியிட்ட முடிவுகள் பலரை வியக்க வைத்தன. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, எடை பெரிதும் குறையும் முன்னரே இரத்தச் சர்க்கரை சீரானது.

தீமைகளும் உண்டு. இணைப்பில் கசிவு, இரத்தக்கட்டு ஆகியவை தொடக்க நாள் ஆபத்துகள். 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் 30 நாள்களில் 0.3 விழுக்காட்டினர் இறந்தனர். தமிழ்நாட்டில் 2024-இல் சென்னையை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில், இத்தகைய சிகிச்சையின்போது இளைஞர் ஒருவர் இறந்தார்; அரசு விசாரணை நடத்தியது.

பிந்தைய தொல்லைகள் மெல்ல வருபவை. இரும்புச்சத்து, பி12 உயிர்ச்சத்து, சுண்ணாம்புச்சத்து ஆகியவை குறையும். ஆயுள் முழுவதும் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் தேவை. இனிப்பு விரைந்து குடலில் இறங்கினால் படபடப்பும் மயக்கமும் வரும். திண்டுக்கல் மாவட்டத்தவருக்குப் பழநிப் பஞ்சாமிர்தமும் அளந்து உண்ண வேண்டியதாகிவிடும்.

தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நால்வர் மிகை எடையினர் என 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. திண்டுக்கல் சமவெளியிலிருந்து கோயம்புத்தூரோ மதுரையோ சென்று சிகிச்சை பெறுபவர், பின்தொடர் பரிசோதனைக்கும் அங்கே போய்வர வேண்டியிருந்தால், சில ஆண்டுகளில் அதை விட்டுவிடுவதே பெரிய இடர். 2022 சனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி அப்பயணத்தைச் சுருக்கக்கூடும். அதே ஆண்டில் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள், ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 27.5 இருந்தாலே இச்சிகிச்சையைக் கருதலாம் எனப் பரிந்துரைத்தன.