உப்புக்கும் கள்ளுக்கும் ஒரே இலாகா

இன்று அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கும் அத்திப்பட்டு, வல்லூர் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் உப்பளம். பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தி பாத்தியாக உப்பு பூக்கும். ஆனால் அதை வாரிக் குவித்தவருக்கு அதில் ஒரு மரக்கால்கூடத் தன் விருப்பப்படி விற்கும் உரிமை கிடையாது. கும்பினி சர்க்கார் 1805-இல் உப்பு வியாபாரத்தை முழுக்கத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. விளைந்ததையெல்லாம் சர்க்காரிடமே கொடுக்க வேண்டும். சர்க்கார் வைத்ததுதான் விலை. உப்பளக்காரருக்குக் கிடைத்தது சொற்பக் கூலி.

தொடக்கத்தில் வெளியே விற்ற விலை ஒரு கரிசைக்கு 70 ரூபாய். கரிசை என்றால் 400 மரக்கால், ஏறத்தாழ 4 டன். 1844-இல் உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளை மூடினார்கள். வியாபாரிகள் கொண்டாடினார்கள். சர்க்காருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை எங்கே ஈடுகட்டினார்கள்? உப்பில்தான். விலை 120 ரூபாய்க்குப் போனது. ராயபுரத்து வியாபாரியின் வண்டிக்குக் கிடைத்த சலுகைக்குக் கஞ்சி குடிப்பவன் பணம் கட்டினான்.

எண்ணூர் உப்பு நகரத்துக்கு வந்தது படகில். பேசில் காக்ரேன் என்ற ஒப்பந்தக்காரர் 1806 வாக்கில் வெட்டி முடித்த கால்வாய், எண்ணூரிலிருந்து சென்னைக்கு 11 மைல். பின்னாளில் பக்கிங்காம் கால்வாயில் கலந்துபோனது இதுதான். வந்த உப்பைக் குவித்து வைத்த கொட்டாரத்தின் பெயர், சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருக்கும் 'சால்ட் கொட்டார்ஸ்' ரயில்வே யார்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1886-இல் கள், சாராய வரிக்கான சென்னை ஆப்காரிச் சட்டம், 1889-இல் சென்னை உப்புச் சட்டம். இரண்டையும் நடத்தியது 'உப்பு, ஆப்காரி இலாகா' என்ற ஒரே இலாகா. காலையில் உப்பளக் காவலைப் பார்க்கிற இன்ஸ்பெக்டரே மாலையில் தென்னந்தோப்புக்குள் நுழைவார். கள் இறக்கும் மரம் ஒவ்வொன்றுக்கும் வரி, ஒவ்வொன்றிலும் அடையாளக் குறி. பதநீருக்கு வரி இல்லை. ஆனால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவல் மெலிதாக இருந்தால் பதநீர் கள்ளாகிவிடும், மரமேறி குற்றவாளியாகிவிடுவார். கலயத்துக்குள் விரலை விட்டுப் பார்க்கும் அதிகாரம் சாதாரண அதிகாரமல்ல. கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் ஏலத்தில் போயின.

இதற்கு சர்க்கார் சொன்ன நியாயம் ஒன்று உண்டு: குடி குறைய வேண்டும், வருமானம் கூட வேண்டும், வரி ஏறினால் இரண்டும் நடக்கும். மதுவுக்கு இந்தப் பேச்சை ஒரு வாதமாகவாவது ஒப்புக்கொள்ளலாம். உப்புக்கு? அங்கே குறைக்க வேண்டிய கெட்ட பழக்கம் எது? உவர் நிலத்தில் தானாகப் பூத்த உப்பைக்கூட ஆள் வைத்து மண்ணோடு கலந்து அழித்தார்கள், ஏழை அள்ளிவிடக் கூடாதென்று. ஒரே இலாகாவில் இரண்டையும் கட்டி வைத்ததில் ஒன்று மட்டும் வெட்ட வெளிச்சமாயிற்று: அக்கறை குடியின் மீதல்ல, கஜானாவின் மீது.

இரண்டு கணக்கிலும் கை வைத்தவர் ஒரே மனிதர் என்பது விநோதம். 1930 ஏப்ரலில் வேதாரண்யத்தில் உப்பள்ளிக் கைதான ராஜாஜி, 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்துக்கு ஈடு தேட வேண்டியிருந்தது. 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். 1844-இல் நடந்த அதே கணக்கு. இந்த முறை சுமை கடைக்காரர் வழியாக வாங்குபவர் தலையில் இறங்கியது. ஆனாலும் அது உப்பைவிட நியாயமான வரி என்பதே என் கட்சி.

உப்பு வரி 1947 ஏப்ரல் 1-இல் ஒழிந்தது. ஓமந்தூரார் ஆட்சியில் 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் அது தளர்ந்தது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம், அதாவது அரசின் வசம்.

அடுத்த வாரம் பிளேக் காலத்துத் துறைமுகக் கெடுபிடிகளைப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து வாசகர்கள் வீட்டுப் பரணில் பழைய மரவரி ரசீதோ உப்பள உரிமச் சீட்டோ கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள்.