சிறைப்பட்டோரின் உயிர்: உதயகிரி முதல் சாத்தான்குளம் வரை

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறாலில் திருச்சாரணத்து மலை என்னும் குன்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் காலத்தில், சமணத் துறவியர் அங்கு வாழ்ந்தனர். எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர்கள் அவர்கள். எனினும், அறம் போதிக்கப்படுவது வேறு. அதிகாரத்தின் கையில் அகப்பட்டவனுக்கு அது கிட்டுவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்தும் வரலாறு அம்மலைக்கு அணித்தேயுள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

ஞானக்கவி பீர் முகம்மது அப்பா (ரஹ்) அடங்கியுள்ள தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் அக்கோட்டை நிற்கிறது. 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படையினர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான டிலனாயின் போர்த்திறனை அறிந்த மன்னர் அவரைத் தம் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் அமர்த்தினார். படைத்தலைவராக உயர்ந்த டிலனாய் 1777இல் மறைந்து, அக்கோட்டையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அதே மன்னரின் அலுவலரான நீலகண்ட பிள்ளை, டிலனாயின் தொடர்பால் 1745இல் கிறித்தவம் தழுவித் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதாகி, ஏறத்தாழ மூன்றாண்டு வதைபட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மதமாற்றமே காரணமா, அரச குற்றமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாயினும், படையெடுத்து வந்த அந்நியர் பிழைத்தார்; சொந்தக் குடிமகன் மாண்டார். இருவர் உயிரும் மன்னரின் விருப்பத்தில் தொங்கின. பயனுள்ளவனுக்கு மட்டும் கிட்டும் உயிர்ப் பாதுகாப்பைச் சலுகை எனலாம். உரிமை எனல் இயலாது.

இச்சலுகையை உரிமையாக்குவது எவ்வாறு? அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ இதற்கு வழி கூறுகிறது. கைதிகள் விலங்குடன் தெருவில் இரந்துண்ட நிலை கண்டு அவர் வருந்தினார். குர்ஆன் வறியவர், அனாதை ஆகியோருடன் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்பதைச் சிறப்பிக்கிறது. போரில் பிடிபட்ட இணைவைப்பாளருக்கே உணவளிக்க வேண்டுமெனில், தவறிழைத்த ஒரு முஸ்லிமைப் பட்டினியால் சாகவிடுவது எங்ஙனம் தகும் என்பது இமாமின் வாதம். ஒவ்வொரு கைதிக்கும் மாதம் 10 திர்ஹம் வழங்க அவர் பரிந்துரைத்தார். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் கவர்ந்துகொள்வர். ஆகவே நேர்மையான ஒருவர் கைதிகளின் பெயர்களை எழுதி வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, கையிலேயே தரவேண்டும் என்றார். கருணையை அவர் கணக்கேட்டில் ஏற்றினார்.

இன்றைய சட்டமும் இவ்வழியே செல்கிறது. 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை உயிர் வாழும் உரிமையை 6ஆம் பிரிவிலும், கைதியின் கண்ணியத்தை 10ஆம் பிரிவிலும் வலியுறுத்துகிறது. இந்தியா 1979இல் அதில் இணைந்தது. நம் அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகள் குடிமகன் என்று குறிப்பிடாமல் ‘எந்த நபரும்’ என்றே பேசுகின்றன. 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது நேரத்தைச் சாட்சியுடன் பதிய வேண்டும், உறவினருக்கு அறிவிக்க வேண்டும், 48 மணிக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நெறிகள் வகுத்தது.

எனினும் 2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டச் சாத்தான்குளத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட வணிகர் ஒருவரும் அவர் மகனும், அடுத்த சில நாள்களில் கோவில்பட்டியில் உயிரிழந்தனர். மருத்துவச் சான்றும் இருந்தது. நீதித்துறை நடுவரின் காவல் உத்தரவும் இருந்தது. அந்நிலையத்தின் பெண் காவலர் ஒருவர் அஞ்சாது சாட்சியம் அளித்ததால்தான் உள்ளே நடந்தது துலங்கியது.

ஏடு மட்டும் உயிர் காக்காது. அதில் எழுதப்பட்ட பெயருக்குரியவன் எந்நிலையில் இருக்கிறான் என்று நேரில் பார்ப்பவரும் வேண்டும். ‘நேர்மையான ஒருவர்’ என்று இமாம் விதித்த நிபந்தனையின் பொருள் அதுவே. சிறைப்பட்டவனின் உயிர் ஆட்சியாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பது நம் கடமை. அக்கைதி நம் சமயத்தவனா, நமக்கு வேண்டியவனா என்று பாராமல் கேட்பதே சமத்துவம்.